சியாலிக் அமிலம் இல்லாமலே உள்ளே போன டிடி2: ஓர் ஊடுருவல் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் எந்தெந்தப் புரதங்களின் துணையோடு மனிதச் சிவப்பணுவுக்குள் புகுகிறது என்று பார்த்துவந்த ஓர் ஆய்வகத்தில் நடந்தது இது. டிடி2 என்பது அந்த ஒட்டுண்ணியின் ஒரு ஸ்ட்ரெயின், அதாவது ஆய்வகத்தில் தனியாக வளர்க்கும் ஒரு வகை. சியாலிக் அமிலம் என்பது சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சர்க்கரை. இதில் சம்பந்தப்பட்டவர்கள் முனைவர் பட்ட மாணவி ஒருவர், ஒட்டுண்ணிகளை வளர்க்கும் கல்ச்சர் அறையைக் கவனித்துவந்த தொழில்நுட்பர், முதுநிலை ஆய்வாளர், குழுத் தலைவர். இதை எழுதும் நான் அங்கே, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓட்டி எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் பார்த்துக்கொண்டவன். கீழே மெஷின் என்று வருவது அதுதான்.

நடந்ததைப் புரிந்துகொள்ள உயிரியல் கொஞ்சம் தேவை. முற்றிய ஒட்டுண்ணி தான் குடியிருந்த சிவப்பணுவை உடைத்துக்கொண்டு மீரோசோயிட்டுகளாக வெளியே வருகிறது. ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மைக்ரோமீட்டர் அளவுதான். வெளியே வந்த மீரோசோயிட்டுக்கு ஆயுள் சில நிமிடங்கள். அதற்குள் இன்னொரு சிவப்பணுவைத் தொட்டு, தன் கூர்முனை அணுவின் பக்கம் வரும்படி திரும்பி, உள்ளே போயாக வேண்டும். தொட்டதிலிருந்து உள்ளே போய்ச் சேரும் வரை எல்லாம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் புரதங்கள் முறைவைத்து வேலை செய்கின்றன. முதலில் பிடிப்பவை இபிஏ, ஆர்எச் என்ற இரண்டு குடும்பங்கள். இபிஏ-175 சிவப்பணுவின் மேற்பரப்புப் புரதமான கிளைகோஃபோரின் ஏ-யையும், இபிஏ-140 கிளைகோஃபோரின் சி-யையும் பிடிக்கின்றன. ஆர்எச்4 பிடிப்பது நிரப்பு ஏற்பியான சிஆர்1-ஐ. இந்தக் கட்டத்தில் சிவப்பணுவின் சவ்வு மீரோசோயிட்டைச் சுற்றி வளைந்து நெளிவதை நேரடி வீடியோவில் தெளிவாகப் பார்க்கலாம். அடுத்து ஆர்எச்5, பேசிஜின் என்ற ஏற்பியோடு இணைகிறது. ஆர்எச்5 தனியாக வருவதில்லை. சிஒய்ஆர்பிஏ, ஆர்ஐபிஆர் என்ற இரண்டு புரதங்களோடு சேர்ந்துதான் வருகிறது. அதன் பிறகு ஒட்டுண்ணி தன்னிடமிருந்தே ஆர்ஓஎன்2 என்ற புரதத்தைச் சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்தி, அதைத் தன் மேற்பரப்பில் இருக்கும் ஏஎம்ஏ1-ஆல் பற்றிக்கொள்கிறது. பிடிப்பதற்கான ஏற்பியையும் தானே கொண்டுவந்து வைத்துவிடுகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இப்படி உருவான இறுக்கமான சந்திப்பின் வழியே, ஆக்டின்-மயோசின் மோட்டார் மீரோசோயிட்டை உள்ளே தள்ளுகிறது.

இந்த நிகழ்வுக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆர்எச்5-க்கு மாற்று கிடையாது. 2011-இல் பேசிஜின்தான் அதன் ஏற்பி என்று தெரிந்தபோது, அந்த இணைப்பைத் தடுத்தால் சோதித்துப் பார்த்த ஸ்ட்ரெயின்கள் எல்லாமே தடைபட்டன. முதல் கட்டத்துப் புரதங்கள் அப்படியல்ல. ஒன்று போனால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மலேரியாவின் இன்னொரு ஒட்டுண்ணியான வைவாக்ஸின் கதை இதற்கு நேர் எதிர். டஃபி ரத்தவகைப் புரதம் சிவப்பணுவில் இல்லாதவர்களை வைவாக்ஸ் தொற்றவில்லை என்று 1976-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னாளில் விதிவிலக்குகள் தெரியவந்தாலும், வைவாக்ஸ் பெருமளவு அந்த ஒரே வாசலை நம்பித்தான் இருக்கிறது. ஃபால்சிபாரத்துக்கு வாசல்கள் பல.

ஆய்வின் அமைப்பு

மாணவி எடுத்துக்கொண்ட வேலை, இபிஏ-175-க்கும் ஆர்எச்5-க்கும் எதிரான ஆன்டிபாடிகள் ஊடுருவலை எவ்வளவு தடுக்கின்றன என்று தனித்தனியாகவும் சேர்த்தும் அளப்பது. அதற்கு 3டி7, டிடி2 என்ற இரண்டு ஸ்ட்ரெயின்களைத் தேர்ந்தெடுத்தார். 3டி7 சியாலிக் அமிலத்தை நம்பி இருப்பதில்லை. டிடி2 நம்பி இருக்கிறது. சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலத்தை நியூராமினிடேஸ் என்சைமால் கத்தரித்துவிட்டால் இபிஏ-175-க்குப் பிடிக்க இடமில்லை. அந்த அணுக்களுக்குள் 3டி7 போகும், டிடி2 பெரும்பாலும் போகாது. இத்துறையில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

சோதனை முறை வழக்கமானதுதான். குறிவைக்கும் சிவப்பணுக்களில் ஒரு பகுதிக்கு என்சைம் கொடுத்து, இன்னொரு பகுதியை அப்படியே விட்டு, இரண்டுக்கும் ஒரே ஒளிர்சாயம் ஏற்றி, முற்றிய ஒட்டுண்ணிகளோடு ஒரு பிளேட்டின் தனித்தனிக் கிணறுகளில் (சிறு குழிகளில்) கலப்பார்கள். அடுத்த சுழற்சியில் டிஎன்ஏ-வில் ஒட்டும் ஹோக்ஸ்ட் 33342 சாயம் ஏற்றி மெஷினில் ஓட்டினால், இரண்டு நிறமும் காட்டும் அணுக்கள் புதிதாக ஊடுருவப்பட்டவை. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் டிஎன்ஏ இல்லை என்பது இங்கே பெரிய வசதி. தெரிகிற டிஎன்ஏ எல்லாம் ஒட்டுண்ணியுடையது.

முழுத் தடை எப்படி இருக்கும் என்று ஒப்பிட, அதற்கான கன்ட்ரோலாக ஹெப்பாரின் வைத்தோம். ஆன்டிபாடிகளில் பதப்படுத்தியாகச் சேர்த்திருக்கும் சோடியம் அசைடு ஒட்டுண்ணியையே கொல்லும் என்பதால், எல்லாவற்றையும் டயாலிசிஸ் செய்து அதை வடித்து நீக்கிய பிறகுதான் பயன்படுத்தினோம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் அது. இந்த நிகழ்வில் அது காரணமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் சில சுற்றுகள் எதிர்பார்த்தபடியே வந்தன. இபிஏ-175 ஆன்டிபாடி டிடி2-ஐ நன்றாகத் தடுத்தது, 3டி7-ஐ அவ்வளவாகத் தொடவில்லை. ஆர்எச்5 ஆன்டிபாடி இரண்டையும் தடுத்தது.

ஷேக்கருக்கு மாறியது

இந்தக் கட்டத்தில் தொழில்நுட்பர் ஒரு யோசனை சொன்னார். அசையாமல் வைத்த ஃபிளாஸ்கில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து அடுக்காக இருக்கும். ஓர் அணு உடைந்தால் பக்கத்து அணுவுக்குள் இரண்டு மூன்று மீரோசோயிட்டுகள் சேர்ந்தே புகுந்துவிடும். ஸ்லைடில் பார்த்தால் ஒரே அணுவில் இரண்டு, மூன்று வளையங்கள் (இளம் ஒட்டுண்ணிகள்) தெரியும். மெஷின் அதை ஒரே ஊடுருவலாகத்தான் எண்ணும். அதனால் அளவு குறைவாக வருகிறது. ஷேக்கரில் வைத்து மெதுவாகச் சுழலவிட்டால் ஓர் அணுவுக்கு ஓர் ஒட்டுண்ணி என்று பரவலாகச் சேரும், வளர்ச்சியும் நன்றாக இருக்கும்.

நியாயமான காரணம். இன்று கேட்டாலும் நான் அதை ஏற்பேன். குழுத் தலைவர் ஒப்புக்கொண்டார். இரண்டு ஸ்ட்ரெயின்களும் ஷேக்கருக்குப் போயின. எந்தத் தேதியில் மாறியது என்பது கல்ச்சர் நோட்டில் இருந்தது, சோதனைத் தாளில் இல்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் அறிகுறிகள்

சில வாரங்களுக்குப் பிறகு டிடி2-இல் இபிஏ-175 ஆன்டிபாடியின் தடுப்பு குறையத் தொடங்கியது. ஒரேயடியாக விழவில்லை, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆன்டிபாடி பலமுறை உறைந்து உருகியதால் வீரியம் போயிருக்கும் என்று மாணவி நினைத்தார். புதிய குப்பியைப் பிரித்தார். மாற்றம் இல்லை.

அதே பிளேட்டுகளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நியூராமினிடேஸ் கொடுத்த அணுக்களுக்குள் டிடி2 போக ஆரம்பித்திருந்தது. "என்சைம் போயிடுச்சு போல, அக்கா. புதுசு வாங்கணும்" என்று மாணவி முதுநிலை ஆய்வாளரிடம் சொன்னார். புதிய என்சைமும் வந்தது. கொஞ்ச நாளுக்கு அந்தக் கிணறுகளைக் கணக்கில் சேர்க்காமல் வைத்தார்கள்.

அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு முடிவுகளுமே தவறில்லை. ஆன்டிபாடி கெடும், என்சைமும் கெடும், இரண்டும் ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனியாக எளிய விளக்கம் இருந்ததால்தான், இரண்டும் ஒரே சங்கதியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 3டி7 கன்ட்ரோலும் கைகொடுக்கவில்லை. என்சைம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உள்ளே போகும். அதனால் என்சைம் செத்துவிட்டதா, டிடி2 மாறிவிட்டதா என்று அந்தப் பிளேட்டால் பிரித்துச் சொல்லவே முடியாது.

புதிய என்சைமிலும் அதே முடிவு வந்தபோதுதான் முதுநிலை ஆய்வாளர் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பினார். சியாலிக் அமிலத்தைச் சார்ந்த வழியைத் தொடும் இரண்டு அளவுகளும் சரிந்திருந்தன. அதைத் தொடாத ஆர்எச்5 ஆன்டிபாடியும் ஹெப்பாரினும் அப்படியே நின்றன. பொருட்கள் ஒவ்வொன்றாகக் கெட்டிருந்தால் இப்படி ஒரு ஒழுங்கு வந்திருக்காது என்பது அவர் வாதம். டிடி2-இன் மூல ஸ்ட்ரெயினான டபிள்யூ2எம்இஎஃப்-இல் இபிஏ-175 மரபணுவைச் சிதைத்தபோது, ஒட்டுண்ணி சாகாமல் சியாலிக் அமிலம் வேண்டாத வழிக்கு மாறிக்கொண்டதை அவர் நினைவுபடுத்தினார்.

எதை முதலில் சோதிப்பது

மேசையில் நான்கு விளக்கங்கள் இருந்தன. என்சைம் சரியாக வெட்டவில்லை. 3டி7, டிடி2 ஃபிளாஸ்கில் கலந்துவிட்டது. ரத்தம் கொடுத்தவர் மாறியதால் சிவப்பணுவின் தன்மை மாறியது. டிடி2 தானாகவே வழியை மாற்றிக்கொண்டது.

மூன்றாவது குழுத் தலைவர் எழுப்பியது, லேசில் ஒதுக்கக் கூடியதும் அல்ல. சிவப்பணுவில் சிஆர்1 எவ்வளவு இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் நிறையவே வேறுபடும். சிஆர்1 அதிகமுள்ள ரத்தம் வந்திருந்தால் ஆர்எச்4 வழி கொஞ்சம் எளிதாகியிருக்கலாம்.

சீக்கிரம் முடிவதை முதலில் செய்வது என்று வைத்துக்கொண்டோம். நியூராமினிடேஸ் சியாலிக் அமிலத்தை வெட்டினால் அதன் அடியில் இருக்கும் சர்க்கரை வெளித்தெரியும். நிலக்கடலை லெக்டின் என்ற புரதம் அதில் ஒட்டும். ஒளிரும் லெக்டினை ஏற்றி மெஷினில் ஓட்டினால் அன்று மாலையே விடை தெரிந்துவிடும். ஓட்டினோம். என்சைம் கொடுத்த அணுக்கள் எல்லாமே பளிச்சென்று ஒளிர்ந்தன. புதிய என்சைமும் சரி, செத்துவிட்டதாக ஒதுக்கிய பழைய என்சைமும் சரி, இரண்டும் ஒழுங்காகவே வெட்டியிருந்தன.

கலப்பு உண்டா என்பதை எம்எஸ்பி1, எம்எஸ்பி2 மரபணுக்களைப் பிசிஆரில் பெருக்கிப் பார்த்தோம். ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் துண்டின் நீளம் மாறும் என்பதால் கலப்பு இருந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். டிடி2-உடையது மட்டுமே தெரிந்தது. ஆனால் சிறு அளவுக் கலப்பு பிசிஆரில் தப்பிவிடலாம். அதனால் இன்னொரு சோதனையும் சேர்த்தோம். மலேரியா மருந்தான குளோரோகுயினை டிடி2 எதிர்த்து நிற்கும், 3டி7 நிற்காது. ஃபிளாஸ்கில் குளோரோகுயின் கொடுத்துச் சில சுழற்சிகள் வளர்த்த பிறகு சோதித்தபோதும், நியூராமினிடேஸ் கொடுத்த அணுக்களுக்குள் ஊடுருவல் குறையவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்தது 3டி7 இல்லை.

தீர்மானமான சோதனை

இவ்வளவுக்கும் பிறகுதான் மாணவி கல்ச்சர் நோட்டையும் தன் தாள்களையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பொருத்தினார். சரிவு தொடங்கியது ஷேக்கருக்கு மாறிய பிறகு. தற்செயலாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் ரத்தமும் மாறியிருந்தது, வளர்ப்பு ஊடகத்தின் தொகுதியும் மாறியிருந்தது.

ஆர்எச்4 மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, அதன் ஆர்என்ஏ-வை உடனே அளந்துவிட வேண்டும் என்று குழுத் தலைவருக்கு ஆசை. முதுநிலை ஆய்வாளர் தடுத்தார். ஆர்எச்4 முற்றிய நிலையின் கடைசி மணிநேரங்களில்தான் உச்சத்துக்கு வரும். இரண்டு கல்ச்சர்களின் வயது சில மணிநேரம் விலகினாலும் பொய்யான வேறுபாடு தெரியும். அதோடு, ஆர்எச்4 கூடியிருக்கிறது என்று தெரிந்தாலும் ஏன் கூடியது என்று தெரியாது. முதலில் காரணத்தைப் பிரித்தெடுப்போம், அப்புறம் மூலக்கூறைப் பார்ப்போம் என்றார். என் பார்வையில், இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான்.

திரவ நைட்ரஜனில் ஷேக்கருக்கு முந்தைய டிடி2 குப்பிகள் இருந்தன. ஒன்றை உருக்கி, அசையாத ஃபிளாஸ்கில் வளர்த்து முதலில் சோதித்தோம். நியூராமினிடேஸ் கொடுத்த அணுக்களுக்குள் அது போகவில்லை. இபிஏ-175 ஆன்டிபாடி அதைப் பழையபடி தடுத்தது. ஆக ஆன்டிபாடியும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு அதே கல்ச்சரை இரண்டாகப் பிரித்தோம். ஒரே நபரின் ரத்தம், ஒரே தொகுதி ஊடகம், ஒரே இன்குபேட்டர், ஒரே வாயுக் கலவை. ஒன்று தட்டில் அசையாமல், மற்றது ஷேக்கரில். 48 மணிநேரச் சுழற்சி என்பதால் பொறுமை தேவைப்பட்டது. சில சுழற்சிகளுக்கு ஒருமுறை இரண்டையும் ஒரே பிளேட்டில் வைத்துச் சோதித்தோம். அசையாத கல்ச்சர் கடைசி வரை சியாலிக் அமிலம் இல்லாத அணுக்களுக்குள் போகவில்லை. ஷேக்கரில் இருந்தது முதலில் தயங்கி, பிறகு சுற்றுக்குச் சுற்று கூடி, கடைசியில் அந்த அணுக்களுக்குள் தாராளமாகப் போனது. ரத்தமும் ஊடகமும் ஒன்றே என்பதால் மூன்றாவது விளக்கமும் இத்தோடு விலகியது.

இதற்குப் பிறகுதான் மூலக்கூறு. இரண்டு கல்ச்சர்களையும் சார்பிட்டால் கொடுத்து வயதை இறுக்கமாக ஒத்திசைத்து, முற்றிய நிலையில் ஆர்என்ஏ எடுத்தோம். ஷேக்கர் கல்ச்சரில் ஆர்எச்4 பல மடங்கு கூடியிருந்தது. புரதங்களை வெட்டும் டிரிப்சின் என்சைம் கொடுத்த அணுக்களுக்குள் இரண்டு கல்ச்சர்களுமே சரியாகப் போகவில்லை. கிளைகோஃபோரின் ஏ-யையும் சிஆர்1-ஐயும் டிரிப்சின் வெட்டிவிடும் என்பதால் இது பொருந்திவந்தது. கடைசியாக, கரையும் வடிவிலான சிஆர்1-ஐ ஊடகத்தில் சேர்த்தோம். ஷேக்கரில் வளர்ந்த டிடி2, நியூராமினிடேஸ் கொடுத்த அணுக்களுக்குள் போவது கணிசமாகக் குறைந்தது. மிதக்கும் சிஆர்1 ஆர்எச்4-ஐப் பிடித்துவைத்துக்கொண்டால், அணுவில் இருக்கும் சிஆர்1-க்கு ஆளில்லாமல் போகும் அல்லவா? அதுதான் நடந்தது.

என்ன நடந்தது என்று புரிந்துகொண்டோம்

டிடி2-இன் மரபணு எழுத்தில் மாற்றம் தேவைப்படவில்லை. ஆர்எச்4 மரபணு அதில் எப்போதுமே இருக்கிறது, அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கிவைப்பதும் திறந்துவிடுவதும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் உள்ள வேதிக் குறிகள். ஷேக்கரில் டிடி2 இப்படித் தானாகவே வழி மாறுவதைப் பிற ஆய்வுக் குழுக்களும் வெளியிட்டிருக்கின்றன. முதுநிலை ஆய்வாளர் அந்தக் கட்டுரையை எங்கள் முன் வைத்தபோது மாணவிக்கு நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

ஷேக்கர் ஏன் இதைத் தூண்டுகிறது? அசையாத அடுக்கில் மீரோசோயிட்டுக்குப் பக்கத்து அணு ஏற்கெனவே ஒட்டினாற்போல் இருக்கிறது. சுழலும் திரவத்தில் தொடுகை குறுகியது, இழுவிசையும் உண்டு. அங்கே கூடுதலாக ஒரு பிடி வைத்திருக்கும் ஒட்டுண்ணிக்கு ஆதாயம் இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ஊகம் என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்விக்கு எங்கள் சோதனை விடை தரவில்லை. ஒவ்வோர் ஒட்டுண்ணியும் மாறியதா, அல்லது ஏற்கெனவே ஆர்எச்4 திறந்திருந்த ஒரு சிலது ஷேக்கரில் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டியதா? ஒரே ஓர் ஒட்டுண்ணியிலிருந்து வளர்த்த குளோனில் தொடங்கியிருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம். நாங்கள் உருக்கிய குப்பியில் இருந்தது பல டிடி2 ஒட்டுண்ணிகளின் கலவை. குளோன் எடுக்க இன்னும் பல வாரங்கள் ஆகும், மாணவியின் ஆய்வுக் காலம் இடம் கொடுக்கவில்லை.

விளைவு

ஷேக்கர் காலத்துத் தரவை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒதுக்கிவிடலாம் என்றார் தொழில்நுட்பர். குழுத் தலைவர் ஒப்பவில்லை. அவை தவறான அளவுகள் அல்ல, வழி மாறிய டிடி2-இன் சரியான அளவுகள் என்றார். முடிவில் அவை தனிப் பகுதியாக, வளர்ப்பு முறையைக் குறிப்பிட்டு ஆய்வேட்டில் இடம்பெற்றன. எந்த நிலையில் எடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடைப்பட்ட சுற்றுகள் மட்டும் விலக்கப்பட்டன. இபிஏ-175 அளவுகள் பழைய குப்பியிலிருந்து அசையாத கல்ச்சரில் மீண்டும் எடுக்கப்பட்டன.

ஆர்எச்5 தரவு எதையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நிலை டிடி2-இலும், 3டி7-இலும் ஆர்எச்5 ஆன்டிபாடி ஒரேமாதிரி தடுத்தது. தடுப்பூசி ஆய்வாளர்கள் ஏன் இந்தப் புரதத்தின் பின்னால் போகிறார்கள் என்பதை எங்கள் பிளேட்டிலேயே பார்த்த மாதிரி ஆயிற்று. மாணவி தன் திட்டத்தில் ஆர்எச்4 ஆன்டிபாடியையும் சேர்த்தார். வழி மாறிய டிடி2-ஐ இபிஏ-175 ஆன்டிபாடி தனியாகத் தடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது ஊடுருவல் குறைந்தது. ஆய்வேட்டின் நீளமான அத்தியாயம் அதுவாகத்தான் அமைந்தது.

மாற்றியவை

ஷேக்கரைக் கைவிடவில்லை. ஓர் அணுவுக்கு ஓர் ஒட்டுண்ணி என்ற ஆதாயம் உண்மையானது. ஆனால் ஸ்ட்ரெயினின் ஊடுருவல் வழியைப் பற்றிய சோதனை என்றால், குறிப்பிட்ட எண்ணிக்கைச் சுழற்சிகளுக்குள் குப்பியிலிருந்து புதிதாக உருக்கிய கல்ச்சரை மட்டுமே பயன்படுத்துகிறோம். சோதனைத் தாளிலேயே வளர்ப்பு முறை, உருக்கிய தேதி, ரத்தத் தொகுதி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

நியூராமினிடேஸ் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அணுக்களை எடுத்து லெக்டின் சோதனை செய்கிறோம். அரை நாள் வேலை கூடுகிறது, அதைப் பற்றி மாணவர்கள் முணுமுணுப்பதும் உண்டு. கன்ட்ரோல் கிணறு எதிர்பார்த்தபடி வராத பிளேட்டுகளை விலக்கினால், விலக்கிய காரணத்தோடு ஒரே கோப்பில் சேர்த்துவைத்து, மாதம் ஒருமுறை வேறொருவர் பார்க்கிறார்.

குளோன் வங்கி அமைப்பது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். குழுத் தலைவர் டிடி2-க்கு மட்டும் போதும் என்கிறார். முதுநிலை ஆய்வாளர் ஆய்வகத்தில் இருக்கும் எல்லா ஸ்ட்ரெயின்களுக்கும் வேண்டும் என்கிறார். டிடி2 குளோன்கள் சில இப்போது நைட்ரஜனில் இருக்கின்றன, 3டி7-க்கு இன்னும் தொடங்கவில்லை.